தீர்மான நோட்டில் ஓர் எழுத்து

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசக் கூப்பிட வந்தபோது, "நீ காலேஜுல என்னமோ மனுசங்களைப் பத்தியே பாடம் நடத்துறியாம்ல, அதை எங்களுக்கும் வெளங்குற மாதிரி சொல்லு" என்றார்கள். அந்தப் பாடத்துக்கு மானுடவியல் என்று பெயர். அதில் உள்ள அடிப்படை விஷயம் ரொம்ப எளிமையானது. பிறக்கும்போது நமக்குப் பசிக்கத் தெரியும், அழத் தெரியும். எந்தக் கையால் சாப்பிடணும், யார் வந்தால் எழுந்து நிக்கணும், எதுக்கு வெட்கப்படணும், யாரை என்ன சொல்லிக் கூப்பிடணும் என்பதெல்லாம் தெரியாது. சுற்றி இருப்பவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம். கற்றுக்கொண்டோம் என்பதே தெரியாத அளவுக்குக் கற்றுக்கொள்கிறோம். அதற்குத்தான் பண்பாடு என்று பெயர். "நான் யாரு", "நாம யாரு" என்ற இரண்டு கேள்விக்கும் பதிலைப் பண்பாடுதான் நமக்குச் சொல்லிக் கொடுக்கிறது.

இதைப் பெரிய பெரிய விஷயங்களை வைத்துச் சொல்லலாம். நான் ஒரே ஒரு சின்ன விஷயத்தை வைத்துச் சொல்லப் போகிறேன். நம்மை மத்தவங்க என்ன சொல்லிக் கூப்பிடுறாங்க? நாம மத்தவங்களை என்ன சொல்லிக் கூப்பிடுறோம்? அவ்வளவுதான்.

முதல் கூட்டம்

எங்கம்மா குழு ஆரம்பித்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் தெருவில் 16 பேர் சேர்ந்தார்கள். எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர்களும் "கை நடுங்குது, கோணலா வரும்"னு ஒதுங்கிட்டாங்க. அதனால் தீர்மான நோட்டு என் கைக்கு வந்தது. பரீட்சைக்கு வைத்திருந்த பேனாவை எடுத்து, முதல் பக்கத்தில் கோடு போட்டு, "வரிசை எண், பெயர், கையொப்பம்" என்று தலைப்பு எழுதிவிட்டு, "ஒவ்வொருத்தரா பேர் சொல்லுங்க" என்றேன்.

ஒருத்தர், "மேலவீட்டு மருமகன்னு எழுது" என்றார். இன்னொருத்தர், "எம் மூத்தவன் பேரைப் போட்டு, அவன் அம்மான்னு எழுதுத்தா" என்றார். டெய்லர் வீட்டம்மா, தண்ணித்தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரி என்று இப்படியே வந்தது. "அது சரி பெரியம்மா, உங்க பேரு என்ன?" என்று நான் அழுத்திக் கேட்டதற்கு, ஒரு பெரியம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்துவிட்டு, "அது ரேசன் கார்டுல கெடக்கும், இரு எடுத்தாறேன்" என்று எழுந்து போனார். அவருக்குத் தன் பேர் மறக்கவில்லை. அதை வாயால் சொல்லி 20 வருஷம் ஆகியிருந்தது.

பிறகு வங்கிக் கணக்குத் தொடங்கும் படிவம் வந்தது. அதில் "கணவர் பெயர்" என்று ஒரு கட்டம். புருஷன் பேரைப் பொண்டாட்டி சொல்லக் கூடாது, சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது அன்றைய நம்பிக்கை. அதனால் குறிப்புக் கொடுப்பார்கள். "பழனியில நிக்கிறாருல்ல, அந்தச் சாமி" என்பார்கள். நான் முருகனா, வேலுவா, தண்டாயுதபாணியா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். சரியான பேர் வந்ததும் தலையை மட்டும் ஆட்டுவார்கள். மொத்தக் கூட்டமும் சிரிக்கும். எனக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது.

பின்னாடி படிக்கும்போதுதான் அது உறைத்தது. தன் பேரைச் சொல்ல வெட்கம். புருஷன் பேரைச் சொல்லத் தடை. இன்னாருடைய பொண்டாட்டி என்றுதான் ஊருக்குத் தெரியும், ஆனால் அந்த இன்னாரையும் அவள் வாயால் சொல்ல முடியாது. இதை எந்த வாத்தியாரும் நடத்தவில்லை. எந்தச் சட்டமும் போடவில்லை. ஆனாலும் 16 பேரும் ஒரே மாதிரி கற்று வைத்திருந்தார்கள். பண்பாடு இப்படித்தான் பாடம் நடத்தும். சத்தமே கேட்காது.

மொய் நோட்டும் பாஸ்புக்கும்

பேர் போனால் என்ன, சோறு போகலையே என்று சிலர் கேட்கலாம். பேர் போனால் வேறு சிலதும் சேர்ந்து போகும்.

நம்ம பக்கம் ஆடி மாதம் வந்தால் மொய்விருந்து. கீரமங்கலம், வடகாடு, அங்கிட்டுப் பேராவூரணி வரைக்கும் பந்தல்தான், கிடாக்கறிதான். மார்செல் மோஸ் என்று ஒரு பிரெஞ்சு அறிஞர். 1925-ல் கொடையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பசிபிக் தீவுகள், வட அமெரிக்காவின் மேற்குக் கரை என்று பல சமூகங்களின் வழக்கங்களை ஒப்பிட்டு, கொடை என்பது சும்மா கொடுப்பது இல்லை, அதில் மூன்று கடமை இருக்கிறது என்றார். கொடுக்கணும், கொடுத்தால் வாங்கிக்கணும், வாங்கினதைத் திருப்பணும். இந்த மூன்றும்தான் மனிதர்களை ஒருவரோடு ஒருவர் கட்டிப்போடுகிறது என்றார். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பழைய மொய்யைத் திருப்பி, அதற்கு மேல் புதுசும் போட்டு, உறவை அறுந்துபோகாமல் வைத்திருப்பது நமக்குத் தெரிந்த கணக்குதான்.

ஆனால் அந்த நோட்டில் யார் பேர் இருக்கிறது? எங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பார்த்தேன். எங்கம்மா கோழி வித்த காசு, ஆடு வித்த காசு, பல தடவை காதில் கிடந்ததை அடகு வைத்த காசு. வரவு செலவு எல்லாம் எங்கப்பா பேரில். அப்பா இறந்தார். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து மொய் எல்லாம் என் தம்பி பேரில். அவன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு ரூபாய் சம்பாதித்ததில்லை. அவன் மேல் தப்பு இல்லை. அம்மாவும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. "ஆம்பளைப் பிள்ளை பேருலதானே எழுதணும்" என்றார். கொடுத்தவள், திருப்பினவள், கணக்கை மனசில் வைத்திருந்தவள் ஒருத்தி. ஊரோடு கட்டப்பட்ட பேர் வேறொருத்தர்.

இதற்குப் பக்கத்தில் குழுவில் கொடுத்த சேமிப்புப் பாஸ்புக்கை வைத்துப் பாருங்கள். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. அப்படி வந்த அலையில்தான் நம்ம குழுக்களும் முளைத்தன. கடன் வந்தது, மாடு வந்தது, தையல் மிஷின் வந்தது. அதெல்லாம் இந்த மலரிலேயே வேறு பக்கங்களில் இருக்கும். என் கண்ணுக்குப் பெரிசாகப் படுவது, அந்தப் பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் இருந்த பேர். எங்கம்மா வாழ்க்கையில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு தாளில் அவர் பேர் முதலில் வந்தது அங்கேதான். மாசாமாசம் அதைப் பார்த்துப் பார்த்து, அதுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் போட்டு, அவருக்கு அந்தப் பேர் பழகியது. இப்போது யாராவது போனில் "யாரு பேசுறது?" என்று கேட்டால் தன் பேரைத்தான் சொல்கிறார்.

சொந்தம் எந்தத் தெரு வரைக்கும்?

இது வரைக்கும் "நான் யாரு" என்ற கதை. இனி "நாம யாரு" என்ற கதை. இது கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கங்க.

1871-ல் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். உலகத்தில் எந்தெந்த மக்கள் உறவுக்காரரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதுதான் அதில் விஷயம். அவருக்கு நியூயார்க் பக்கம் இருந்த இரோகுவா என்ற பழங்குடி மக்களை நன்றாகத் தெரியும். தமிழ் உறவுப் பெயர்களை இங்கே இருந்த அமெரிக்க மிஷனரிகள் வழியாக வாங்கிப் பார்த்தார். ஆச்சரியப்பட்டுப் போனார். அங்கே அப்பாவின் அண்ணன் தம்பியும் "அப்பா" முறைதான். அம்மாவின் அக்கா தங்கையும் "அம்மா" முறைதான். அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், அக்கா. ஆனால் அம்மாவின் அண்ணன் தம்பிக்கும் அப்பாவின் அக்கா தங்கைக்கும் தனிச் சொல். அப்படியே நம்ம பெரியப்பா, சின்னம்மா, மாமா, அயித்தை! இதை வைத்து அந்த மக்கள் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்று நிரூபித்துவிடலாம் என்று அவர் நினைத்தார். உறவுச் சொல்லை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட முடியாது என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஆனால் அவர் தொடங்கிவைத்த ஆராய்ச்சி இன்றைக்கும் நடக்கிறது.

ஏன் அதற்கு அவ்வளவு முக்கியம்? பாருங்கள். சித்தப்பா மகனும் அயித்தை மகனும் ரத்தக் கணக்கில் எனக்கு ஒரே தூரம்தான். ஆனால் ஒருத்தர் அண்ணன். இன்னொருத்தர் மச்சான். அண்ணன் முன்னால் நான் நடந்துகொள்வது வேறு, மச்சான் முன்னால் நடந்துகொள்வது வேறு. ஒருத்தரைக் கட்டிக்கலாம் என்கிறது ஊர். இன்னொருத்தரை நினைத்தாலே பாவம் என்கிறது. ஒரு சொல்தான் வித்தியாசம். அந்தச் சொல் நம்ம கண்ணையும் கையையும் வெட்கத்தையும் பழக்கி வைத்திருக்கிறது.

நமக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சொந்தமே இல்லாதவர்களையும் அக்கா, அண்ணே, பெரியம்மா என்று கூப்பிடுவோம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் அக்கா ஆகிவிடுவார். எல்லாரையும் சொந்தமாக்கிக்கொள்கிற மொழி என்று நான் வகுப்பில் பெருமையாகச் சொல்வேன்.

எல்லாரையும்தானா?

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வயலுக்கு நடவுக்கு வந்த காலனிப் பெரியம்மா ஒருவர். "பெரியம்மா" என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொன்னதில்லை. அறுபது வயசு இருக்கும் அவருக்கு. பத்து வயசுப் பையன்கள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், "வா", "போ" என்றார்கள். அவர் அந்தப் பையன்களை "சின்னய்யா" என்றார். நம்ம ஊரில் அக்கா, அயித்தை என்ற சொல் எந்தத் தெருவில் ஆரம்பித்து எந்தத் தெருவில் நின்றது என்று ஒரு படம் போட்டால், அது அப்படியே சாதியின் படமாக வந்து நிற்கும். எழுதி ஒட்டிய பலகை கிடையாது. கூப்பிடுகிற சொல்தான் எல்லைக்கல்.

என் கையெழுத்து

இந்த மலருக்காகப் பழைய தீர்மான நோட்டுகளைப் பார்த்து ஒரு வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து புரட்டினேன். குழுக்கள் எல்லாம் தெருவாரியாக ஆரம்பித்தவை. அதனால் ஒரு குழு என்றால் பெரும்பாலும் ஒரே சாதி. எல்லாத் தெருவும் ஒன்றாக உட்கார்ந்தது கூட்டமைப்பில்தான். அந்த முதல் கூட்டத்துக்கும் நான்தான் எழுத்தர். நோட்டு பத்திரமாக இருக்கிறது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

வருகைப் பட்டியலைப் படித்தேன். எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் பேருக்கு முன்னால் "திருமதி" போட்டிருக்கிறேன். கடைசியில் காலனியிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு வெறும் பேர். சரி, அவசரத்தில் விட்டிருப்பேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு அடுத்த பக்கம் போனேன். "கூட்டத்தைத் தலைவி தொடங்கி வைத்தார். சேமிப்பின் அவசியம் பற்றிச் செயலாளர் கூறினார்." அதற்குக் கீழே, காலனிக் குழுவின் பிரதிநிதி பேசியதை எழுதியிருக்கிறேன். "தங்கள் குழுவுக்கும் கறவை மாட்டுக் கடன் வேண்டும் என்று கேட்டாள்."

கூறினார். கேட்டாள்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்திலேயே வயசில் மூத்தவர் அவர்தான். எனக்கு 14 வயசு. "அவங்களுக்கு 'ள்' போடு" என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் பார்க்கவும் இல்லை. நான் கெட்ட பிள்ளையும் இல்லை. எல்லாரும் சமம் என்று அந்த வருஷம் பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசு வாங்கினவள். ஆனால் பேனா தானாக 'ர்' போட்டது, தானாக 'ள்' போட்டது. எங்கள் தெரு என் கையைப் பிடித்து எழுதியது. இத்தனை வருஷம் மானுடவியல் படித்ததில், பண்பாடு மனுஷனை எப்படி உருவாக்குது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. அது என் சொந்தக் கையெழுத்தில் இருக்கிறது.

அந்தப் பெரியம்மா இப்போது இல்லை. அவருடைய மருமகள் இந்த மேடையில் பொருளாளராக உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கத்தை முதலில் அவரிடம்தான் காட்டினேன். படித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நோட்டுல எழுதுனதைப் பார்த்து உங்களுக்குச் சங்கடமா இருக்கு. நல்லது. இங்க கூட்டத்துல எல்லாரும் என்னை அக்காங்கிறாக. கூட்டம் முடிஞ்சு தெருவுல எதுக்க வந்தா அந்த அக்கா எங்க போகுதுன்னு தெரியல. அதுக்கு என்ன பண்ணப் போறீக?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் அனுமதியோடுதான் இதை இங்கே சொல்கிறேன். அந்தப் பெரியம்மாவிடம் கேட்க முடியாத மன்னிப்பை, அவர் மருமகளிடம், எல்லார் முன்னாலும் கேட்கிறேன்.

பேர் மாறியிருக்கிறது

பழக்கம் அவ்வளவு ஆழமாக இருந்தால் மாறவே மாறாதா என்று கேட்பீர்கள். மாறும். மாறியிருக்கிறது. எப்படி மாறியது என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

வடநாட்டுக்காரர் யாரைப் பார்த்தாலும் பேருக்குப் பின்னால் ஒரு குடும்பப் பேரோ சாதிப் பேரோ இருக்கும். நமக்கு ஓர் இனிஷியல்தான். அவர்களுக்கு அது அதிசயம். நம்ம தாத்தா, பூட்டன் காலத்தில் இங்கேயும் பேருக்குப் பின்னால் சாதி இருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு கூடியது. சாதிப் பட்டத்தைப் பேரிலிருந்து எடுத்துவிடணும் என்று தீர்மானம் போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பரவி, சாதிப் பேர் போடுவதற்கே கூச்சப்படுகிற நிலை வந்தது. அதே மாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது 1989-ல். அறுபது வருஷம். நாடு முழுக்க வந்தது 2005-ல்.

இன்னொன்று. 1938 நவம்பரில் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ராமசாமியை இனிப் "பெரியார்" என்றே அழைக்கணும் என்று அந்த மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். இன்றைக்கு நாட்டுக்கே அந்தப் பேர்தான் தெரியும். பேரைச் சொல்லவே வெட்கப்பட்ட பெண்கள் என்று நம்மைச் சொல்கிறோமே, அதே பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து போட்ட தீர்மானம் ஊர் கூப்பிடுகிற பேரையே மாற்றியிருக்கிறது.

இரண்டிலும் ஒரே விஷயம். தனியாக ஒருத்தர் மாறினால் அவரைக் கிறுக்கு என்பார்கள். கூட்டமாக உட்கார்ந்து, தீர்மானமாக எழுதி, திரும்பத் திரும்பச் செய்தால் அதுவே வழக்கம் ஆகிவிடும். தீர்மான நோட்டு என்பது கடன் கணக்குக்கு மட்டும் இல்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். பேரை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்றும் இருந்துவிடக் கூடாது. மேகாலயாவில் காசி என்ற மக்கள் இருக்கிறார்கள். அங்கே பிள்ளைகளுக்கு அம்மாவின் குலப் பேர்தான் வரும். பூர்வீக வீடு கடைசி மகளுக்கு. அப்பா அம்மாவைக் கடைசி வரை பார்த்துக்கொள்வதும் அவள்தான். கேட்கும்போது நமக்கெல்லாம் பொறாமையாக இருக்கும். ஆனால் அங்கேயும் ஊர்ச் சபை என்பது பரம்பரையாக ஆண்கள் உட்கார்ந்து பேசும் இடமாகத்தான் இருந்தது. பேர் அம்மா வழியில் வந்தது, பேச்சு ஆண்கள் கையில் இருந்தது. நம்ம கதையும் அதுதான். பேரிலிருந்து சாதியை எடுத்தோம். 'ர்', 'ள்' என்ற ஓர் எழுத்துக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது.

காலையில் வாசலில்

இன்றைக்குக் காலையில் வாசலில் வரவேற்பு மேஜை போட்டிருந்தீர்கள். சந்தனம், குங்குமம், கல்கண்டு, பூ. பாவாடை தாவணியில் ஒரு சின்னப் பெண், பதினாலு வயசுதான் இருக்கும், தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். நானும் அம்மாவும் சேர்ந்து வந்தோம். எனக்குத் தட்டு நீண்டது. அம்மாவுக்குக் கல்கண்டை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, தட்டை அப்படியே பின்னால் வந்தவருக்குத் திருப்பிவிட்டாள்.

அந்தப் பிள்ளை மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. அவளுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவள் கையைப் பிடித்து வேறு யாரோ தட்டைத் திருப்பினார்கள். என் கையைப் பிடித்து எழுதினார்களே, அதே மாதிரி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். பழகிப்போச்சு. இந்தக் கூட்டமைப்பு கட்டுவதற்காக வெயிலில் தெருத்தெருவாக நடந்தவர்களில் எங்கம்மாவும் ஒருத்தர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் தட்டு திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

ஒரே நிறச் சீருடைச் சேலை கட்டி, வட்டமாக உட்கார்ந்து, உறுதிமொழி சொல்லி, "நாம எல்லாரும் ஒண்ணு" என்று நாம் ஒரு புதுப் பண்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். அது பொய் இல்லை. ஊரில் வேறு எந்த இடத்திலும் எல்லாத் தெருப் பெண்களும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்ததில்லை. குழுவுக்குச் சாமி பேர் வைத்தால் எந்தத் தெருச் சாமி என்று சண்டை வருமே என்று, யோசித்து யோசித்துப் பூப் பேர் வைத்தவர்கள் நீங்கள். அந்தப் புத்தி உங்களுக்கு இருக்கிறது. அதை நம்பித்தான் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று. நம்ம கூட்டமைப்பின் எல்லா நோட்டிலும் எல்லா உறுப்பினருக்கும் முழுப் பேர், ஒரே மாதிரி மரியாதை. "கூறினார்" என்றால் எல்லாருக்கும் "கூறினார்". பழைய நோட்டை அடித்துத் திருத்த வேண்டாம். நாம் எங்கே இருந்து வந்தோம் என்று நம்ம பேத்திகள் பார்க்கட்டும்.

இரண்டு. வாசல் தட்டு எல்லாருக்கும் நீளட்டும். குங்குமம் எடுப்பதும் எடுக்காததும் அவரவர் விருப்பம். வேண்டாம் என்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் தட்டை வாங்குகிறவர்தான் முடிவு செய்யணும், நீட்டுகிற கை முடிவு செய்யக் கூடாது.

மூன்றாவதுதான் கஷ்டம். அதைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்ற முடியாது. பொருளாளர் அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் அது. இன்று சாயங்காலம் கூட்டம் முடிந்து, ஜமுக்காளத்தை உதறி மடித்து வைத்துவிட்டு நடப்போம். கடைவீதியில், குழாயடியில், நூறு நாள் வேலையில் எதிரும் புதிருமாகப் பார்ப்போம். இங்கே "அக்கா" என்று கூப்பிட்டவரை அங்கேயும் அப்படியே கூப்பிடணும். பக்கத்தில் மாமியார் நிற்கும்போது, புருஷன் நிற்கும்போது, நம்ம தெருப் பெரியவர் நிற்கும்போது சத்தமாகக் கூப்பிடணும். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கும். புருஷன் பேரைச் சொல்லவும் அன்றைக்கு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இப்போது ஆதார் மையத்தில் போய்க் கணீர்னு சொல்றீங்க, எந்தப் புருஷனுக்கும் ஆயுசு குறையல.

முதல் இரண்டையும் இன்றைக்கே தீர்மானமாகப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுத ஆள் இல்லை என்றால் நோட்டை என்னிடம் கொடுங்கள். அந்தப் பழைய கையெழுத்துதான். இந்தத் தடவை பார்த்து எழுதுகிறேன்.